விரலி மஞ்சள்

இந்தப் பக்கம் வந்து உக்காரு அம்மிணி. எனக்கு எடது காது கேக்காது. அந்தப் பக்கம் இருந்து நீ என்ன சொன்னாலும் நான் சும்மா தலையாட்டிக்கிட்டுத்தான் இருப்பேன், அப்பறம் திமிரு புடிச்ச கெழவின்னு நெனச்சுக்குவே. ம், இப்படி. இப்பச் சரி.

தமிழ்ப் பொண்ணுன்னு நீ பஸ்ஸுல ஏறுனப்பவே தெரிஞ்சுருச்சு. வெள்ளைக்காரங்க பையைத் தூக்கி மேல போட்டுட்டு உக்காருவாங்க. நம்மாளுகதான் மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுக்குவோம். எந்தூரு? கும்மோணமா? அங்கயும் காவேரிதான். அப்ப நான் சொல்றது உனக்குப் புரியும். எனக்குக் கவுந்தப்பாடி, பவானிக்குப் பக்கம். பேரு வசந்தாமணி. இந்த ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்கற என்ற பையன் ஊட்டுக்கு வந்திருக்கேன். நீயும் பெர்த்துக்குத்தானே போறே? நல்லதாப் போச்சு. வழி நெடுக செம்மண்ணும் குட்டை மரமுந்தான், பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பேசாம வந்தன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் அம்மிணி, நெசமாச் சொல்றேன்.

அழுவலை. இந்தக் கண்ணு இப்படித்தான், காத்துப் பட்டாத் தண்ணி வடியும்.

இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா? ஆடிப் பதினெட்டு. ஊருல இந்நேரம் பவானி கூடுதுறையில கால் வெக்க எடமிருக்காது. புதுசாக் கண்ணாலம் ஆனதுக, பேரன் பேத்தி எடுத்ததுக, எல்லாரும் ஆத்தோரமா உக்காந்து தாலிக்கயிறு மாத்திக்குவாங்க. நான் ஒரு வருசம் தவறுனதில்ல. இன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு கேளு. தங்கம் தோண்டற ஊருல, ஒரு இரும்புத் தொட்டி ஓரத்துல நின்னுட்டிருந்தேன். ஆடியில இப்படி வெடவெடன்னு குளிரறதை நான் இங்கதான் பாக்கறேன்.

உனக்குக் கண்ணாலம் ஆயிருச்சா? கழுத்துல ஒண்ணும் காணோமே. ஆயிருச்சா? சரி சரி, நான் ஒண்ணும் கேக்கலை.

என்ற பையன் பேரு தரணிதரன். ஒரே பையன். தங்கமான பையன், கோவம் மட்டும் வரும். அது அவங்கப்பன் ரத்தம், அதுக்கு அவன் என்ன பண்ணுவான்? மருமவ பேரு கோகிலவாணி, வாணிம்போம். நல்ல படிப்பு. கல்லுலருந்து தங்கத்தை எப்படிப் பிரிக்கறதுங்கறதுதான் படிப்பே. அவளுக்கு இந்த ஊருச் சுரங்கத்துல வேலை கெடச்சுது, தங்கத்தை உருக்கி ஊத்தற ரூம்ல. பெருமையாத்தான் இருந்துச்சு. எங்க சனத்துல பொம்பளை தங்கம் போட்டுப் பாத்திருக்கோம், தங்கம் ஊத்தி யாரு பாத்தா?

ஆனா அந்த ரூமுக்குள்ள போறவங்க பொட்டுத் தங்கம் போட்டிருக்கக் கூடாதாம். மூக்குத்தி கூடாது, மோதிரம் கூடாது. வெளிய வரப்ப உடம்பெல்லாம் மெஷினை வெச்சுப் பாப்பாங்களாம். இவ என்ன பண்ணுனா, முதல் நாளே தாலியைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டுப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அவ கழட்டுனா, அந்த வருசமே தரணிக்கு வேலை போச்சு. ரெண்டையும் சேத்து ரோசனை பண்ணிப் பாரு. நான் போன்ல சொன்னேன், வாணி, தாலியை எடுத்துப் போடு, எல்லாம் சரியாயிரும்னு. அவ சொல்றா, அத்தை, வேலை தாலியால போகலை, அவரு வேலைக்கு எப்படிப் போனாருன்னு அவரு கம்பெனியில கேளுங்கங்கறா. கொஞ்சம் குடிப்பான். இங்க யாரு குடிக்கலை? குளிரு.

வேலை போன ஆம்பளை ஊட்டுல உக்காந்திருந்தா மனசு ஒரு நிதானத்துல இருக்குமா? கை நீட்டியிருக்கான். இல்லைங்கலை. அதுக்காகப் போலீசு, கோர்ட்டுன்னு போவாளா? அவ பக்கத்துலயே இவன் போகக் கூடாதுன்னு ஒரு உத்தரவு வாங்கி வெச்சிருக்கா அம்மிணி. கட்டுன புருஷன் பொண்டாட்டி பக்கத்துல போகக் கூடாதுன்னு சொல்றதுக்கு இவங்க யாரு? அதை வாங்கிக்கிட்டு, பெர்த்துல இருந்து வேலைக்கு வந்து போயிட்டிருந்த இந்தச் செங்காட்டுலயே தனியா இருந்துக்கிட்டா.

என்ற வெசனம் என்னன்னா, அவ வேலையை வெச்சுத்தான் இவனுக்கும் இந்த நாட்டுல இருக்கறதுக்கு அனுமதி. அவ ஒரேயடியா வேண்டாம்னுட்டா இவன் மூட்டையைக் கட்டணும். ஊருக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவான்? அவங்கப்பன் ஊட்டுக்குள்ள விடுவாரா? செத்துருவேன், செத்துருவேன்னு போன்ல அழுதான். அதைக் கேட்டுட்டுத்தான் நான் அவங்கப்பனுக்குச் சோறாக்கிப் போட ஆளை வெச்சுட்டு ஓடியாந்தேன். அவரு அங்கிருந்து தெனம் கூப்பிட்டுத் திட்டறாரு. நானும் அடுத்த வாரம் கெளம்பணும். அதுக்குள்ள அவளைக் கொண்டாந்து சேத்தணும். இல்லைன்னா என்ற பையன் எனக்கில்லை. இது ஒண்ணுதான் அம்மிணி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பண்ணி ஒரு வழி கண்டுபுடிச்சேன். தங்கந்தானே கூடாதுங்கறாங்க? நம்ம பக்கம் தங்கத் தாலிக்கு வழியில்லாதப்ப என்ன பண்ணுவாங்க? ஒரு விரலி மஞ்சளை மஞ்சக் கயித்துல முடிஞ்சு கழுத்துல கட்டிக்குவாங்க. அதும் தாலிதான். எந்த மெஷின் மஞ்சளைப் புடிக்கும்? நம்மூரு மஞ்சளைக் கொண்டாந்திருந்தேன். ஏர்போர்ட்டுல ஒரு ஆபீசர் மோந்து மோந்து பாத்துட்டுக் குடுத்துட்டான். எவ்வளவு சுளுவான வழி பாரு. இவ்வளவு படிச்சவளுக்கு இது தோணலையேன்னு இருந்துச்சு.

வாணிக்குப் போன் பண்ணுனேன். ஆடிப் பதினெட்டன்னைக்கு உன்னை வந்து பாக்கறேன் கண்ணு, ஊருக்குப் போறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துட்டுப் போறேன்னேன். அவ கேட்டா, தனியா வருவீங்களா அத்தை? தனியாத்தான்னேன். பண்ணாரியம்மன் மேல சத்தியமா? சத்தியமாத்தான். சரி, ஊட்டுக்கு வேண்டாம், பழைய சுரங்கத்தைக் காட்சிக்கு வெச்சிருக்காங்க, அங்க வந்துருங்கன்னா. எனக்கு ஊரு சுத்திக் காட்டணும்னு ஆசை போலன்னு நெனச்சுக்கிட்டேன். அவ எப்பவுமே அப்படி, எனக்குப் புதுசு புதுசாக் காட்டணும்பா.

தரணி கார்லதான் வந்தேன். வேற எப்படி வருவேன், எனக்குப் பாஷை தெரியுமா? ஆனா உள்ள தனியாத்தான் போனேன். அவனை அந்தத் திருப்பத்துல நிறுத்திக்கச் சொல்லிட்டு நடந்துதான் போனேன். அப்பச் சத்தியம் பொய்யாகுமா? சொல்லு. புருஷனை நேர்ல பாத்தா எந்தப் பொம்பளைக்கும் மனசு எளகிரும், அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். இவனும் குடிக்கலை இன்னைக்கு. நல்ல சட்டை போட்டுக்கிட்டான்.

வாசல்ல நின்னுட்டிருந்தா. கூட ஒரு வெள்ளைக்காரி, ஆளு நல்லா வாட்டசாட்டமா. கூட வேலை செய்யறவளாம், மார்கின்னு பேரு. என்னைத் தனியா வரச் சொல்லிட்டு இவ மட்டும் தொணைக்கு ஆள் கூட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு. வாணி உடம்பு தேறியிருந்தா. கன்னமெல்லாம் உப்பலா இருந்துச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. புருஷனைப் பிரிஞ்சவ உடம்பு தேறலாமா? முடியை வேற காதோட ஒட்ட வெட்டியிருந்தா. இடுப்புக்குக் கீழ தொங்கும் அம்மிணி, அப்படி ஒரு ஜடை. ஏன் கண்ணு இப்படிப் பண்ணிக்கிட்டேன்னேன். இதுதான் அத்தை நல்லதுன்னா.

ஒண்ணு சொல்லணும். அவ நேரா வந்து என்ற வலப் பக்கம் நின்னுக்கிட்டா. எப்பவும் அப்படித்தான். கண்ணாலம் ஆகி வந்த வாரத்துலயே கண்டுக்கிட்டா. தரணிகூட மறந்துட்டு அந்தப் பக்கம் நின்னு கத்துவான். அவ ஒரு நாளும் மறந்ததில்ல. நல்ல புள்ளைதான். அதனாலதானே கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.

கையைப் புடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் காட்டுனா. மேல பெரிய இரும்புக் கோபுரம் நிக்குது, அதுல கயிறு கட்டித்தான் ஆளுகளைப் பாதாளத்துக்கு எறக்குவாங்களாம். அந்தக் காலத்துல இங்க சொட்டுத் தண்ணி கெடையாதாம். தங்கம் காலடியில கெடக்குதாம், தண்ணிக்கு நாக்கு வறண்டு செத்திருக்காங்க. மண்ணை அலசறதுக்குத் தண்ணி ஏது? காத்துல தூத்தியிருக்காங்க அம்மிணி. நம்ம முறத்துல கம்பு தூத்தற மாதிரி, மண்ணை மேல இருந்து கொட்டுனா தூசி பறந்துரும், தங்கம் காலடியில விழுகும். கண்ணெல்லாம் போயிருமாம் அந்தத் தூசியில. ஆனாலும் விட்டுட்டுப் போகலை பாரு. அதை வாணிகிட்டச் சொன்னேன். பாரு கண்ணு, எவ்வளவு கஷ்டம் வந்தாலும் நின்னுருக்காங்கன்னு. அவ சொன்னா, பாதிப் பேரு இங்கதான் புதைஞ்சு கெடக்கறாங்க அத்தை, வாங்க கல்லறையையும் காட்டறேன்னா.

அப்பறம் அந்தத் தொட்டி. வர்றவங்க வெளையாட்டுக்குத் தங்கம் அரிச்சுப் பாக்கறதுக்கு இடுப்பு உசரத்துக்கு நீளமா ஒரு இரும்புத் தொட்டி, நெறையத் தண்ணி. ஒருத்தன் வட்டல் மாதிரித் தட்டு ஒண்ணுல கருமணலைப் போட்டுக் குடுத்தான். எல்லாரும் தண்ணியைச் சிந்திக்கிட்டு நிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இது என்ன, அரிசியில கல்லு அரிக்கறதுதானே? கையைச் சாய்ச்சு ஒரு ஆட்டு, ஒரு சுத்து, மேல இருக்கறதை வடிச்சு விடு. அவ்வளவுதான். அடியில மினுக்குன்னு மூணு பொட்டு. அந்த ஆளு கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனான். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில தண்ணியோட விட்டுக் குடுத்தான். வாணி சிரிச்சா பாரு. அவ சிரிச்சுப் பாத்து எத்தனை நாளாச்சு. அத்தை, நீங்க எங்க கம்பெனிக்கே வேலைக்கு வந்துருங்கன்னா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இதுதான் நேரம்னு முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த கயித்தை எடுத்தேன்.

தண்ணியிருக்குது, ஆடிப் பதினெட்டா இருக்குது, நீ இருக்கறே, நான் இருக்கறேன், இதைக் கட்டிக்க கண்ணு, தங்கம் கூடாதுன்னாப் போவுது, மஞ்சள்தானேன்னேன். அவ மூஞ்சியில இருந்த சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. கைப்பையைத் தொறந்து ஒரு கவரை எடுத்துக் கையில குடுத்தா. பாத்தா, நாங்க போட்ட தாலி. அத்தை, இது உங்க ஊட்டுத் தங்கம், பத்தரமா வெச்சிருந்தேன், நீங்க வருவீங்கன்னுதான் எடுத்தாந்தேங்கறா.

நான் அவ கால்ல விழுந்துட்டேன் அம்மிணி. மருமவ கால்ல. அத்தனை வெள்ளைக்காரங்க பாக்கப் பாக்க, அந்தச் செம்மண்ணுல. என்ற பையனைக் காப்பாத்திக் குடு சாமின்னேன். அவ பதறிப் போய்த் தூக்குனா. அவளும் அழுதா. அழுதுக்கிட்டே கேக்கறா, அத்தை, உங்க எடது காது மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, அவரு மாறிருவாருன்னு. சொல்லுங்க, இப்பவே கட்டிக்கறேங்கறா.

காது மேல யாராவது சத்தியம் பண்ணுவாங்களா? சாமி மேல பண்ணலாம், புள்ளை மேல பண்ணலாம். இது அந்தப் பழைய கதை. தரணி கைக்கொழந்தையா இருக்கறப்ப ஒரு பொங்கலுக்கு, சோறு கொழைஞ்சு போச்சுன்னு அவங்கப்பன் ஒண்ணு விட்டாரு, அன்னைக்கு அடைச்ச காதுதான். அதை எதுக்கு இங்க இழுக்கறா? அதுக்கப்பறம் நான் நாப்பது வருசம் குடும்பம் பண்ணலையா?

இனி நான் பேசி ஆகாது, அவனே வந்து பேசட்டும்னு முந்தானைக்குள்ள போனை வெச்சு ஒரு மிஸ்டு கால் குடுத்தேன். அப்படித்தான் பேசி வெச்சிருந்தோம்.

அவன் வாசல்ல நுழையறதை அவதான் முதல்ல பாத்தா. அவ கை பட்டுத் தொட்டி ஓரத்துல இருந்த வட்டல் உள்ள விழுந்துருச்சு. என்னைத் திரும்பிப் பாத்தா அம்மிணி. பாத்தா, அவ்வளவுதான். அந்த மூஞ்சிய எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு. எங்கன்னு இப்பவும் நெனப்புக்கு வரமாட்டேங்குது.

அவன் நல்லாத்தான் பேச்சை எடுத்தான். வா, போலாம்னான். அவ பின்னாலயே போறா. நான் கயித்தை அவங்கிட்டக் குடுத்து, நீயே கட்டு சாமின்னேன். கட்டப் போனான். அந்த வெள்ளைக்காரி குறுக்க வந்துட்டா, அவளைத் தள்ளி விட்டான். வாணி திரும்பி ஓடப் பாத்தா. இவன் கை அப்படியே பழக்கத்துல அவ பின்னங்கழுத்துக்குப் போச்சு. ஜடை இருந்தாத்தானே கைக்குச் சிக்கும்? வழுக்கிக்கிட்டுப் போயி இவன் தொட்டி மேலயே விழுந்தான். உதடு கிழிஞ்சு ரத்தம். புருஷனுக்கு ரத்தம் வருது, அவ கிட்டவே வரலை. அந்த மார்கி பின்னால போயி நின்னுக்கிட்டா. என்ற கையில இருந்த குப்பியும் விழுந்து ஒடைஞ்சு, அந்த மூணு பொட்டும் மண்ணோட மண்ணாப் போச்சு.

போலீசு வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உத்தரவை மீறிட்டானாம். நான் போலீசுக்காரி கையைப் புடிச்சுக்கிட்டு, நான்தான் வரச் சொன்னேன், நான்தான் வரச் சொன்னேன்னு கத்தறேன். அவளுக்குத் தமிழ் தெரியுமா? வாணிதான் எடுத்துச் சொன்னா. எதைச் சொன்னாளோ, போலீசுக்காரி என்னைப் பாத்துட்டுத் தலையை ஆட்டுனா.

அப்பறம் வாணிதான் என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டியாந்தா. நான் வெளியில சாப்பிட மாட்டேன்னு தயிர்சோறும் நார்த்தங்கா ஊறுகாயும் கட்டியாந்திருந்தா, இதா இந்தத் தூக்குல இருக்குது. நீ கொஞ்சம் சாப்பிடறியா? எனக்கு எறங்கலை. பஸ்ஸு வர்ற வரைக்கும் வலப் பக்கமே உக்காந்திருந்தா. கடைசியாச் சொல்றா, அத்தை, நீங்க ஊருக்குப் போற வரைக்கும் எங்கூட இருங்க, அதுக்கப்பறமும் இருக்கறதுன்னா இருங்க, உங்களுக்கு ஒரு ரூம் இருக்குதுங்கறா. இத்தனையும் பண்ணிட்டு வந்தவளைப் பாத்துச் சொல்றா. கிறுக்குப் புடிச்சவ. நான் எதுக்கு அங்க இருக்கணும்? எனக்கென்ன புருஷனில்லையா, புள்ளையில்லையா? என்ற குடும்பத்தை விட்டுட்டு நான் எங்க போவேன்?

இப்ப என்ன பண்றதுன்னு சொல்லு அம்மிணி. எனக்கு ஒண்ணுமே தெரியலை. அவன் ஏதாவது பண்ணிக்குவானோன்னு பயமா இருக்குது. உன்ற போன்ல இருந்து வாணிகிட்ட ஒரு வார்த்தை பேசறியா? என்ற நம்பரைப் பாத்தா இனி எடுக்க மாட்டா. நம்பர் எனக்கு மனப்பாடம். அத்தை தனியா இருக்கறாங்க, உடம்பு முடியலை, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போன்னு சொல்லு. தனியான்னு சொல்லு, அது முக்கியம். ஏன் தலையை ஆட்டறே? பொம்பளைக்குப் பொம்பளை இந்த ஒத்தாசைகூடச் செய்யக் கூடாதா? சரி, வேண்டாம் விடு.

இரு, போன் அடிக்குது. தரணிதான். விட்டுட்டாங்க போல. பண்ணாரித் தாயே.

சாமி, சாப்பிட்டியா சாமி? உதடு எப்படி இருக்குது? இல்ல கண்ணு, நான் என்ன பண்ணுனேன்? நான் சரியாத்தானே பண்ணுனேன். இல்ல சாமி. அப்படியெல்லாம் சொல்லாத சாமி, நான் பெத்தவ.

என்ன பாக்கறே அம்மிணி? உனக்கே கேக்குதா? கோவம், வேற ஒண்ணுமில்ல. இரு, போனை இந்தக் காதுக்கு மாத்திக்கறேன். ஆமா, எடது காதுதான். அவங்கப்பன் திட்டறப்பவும் இதுலதான் வெச்சுக்குவேன். நடுநடுவுல ம் கொட்டுனாப் போதும், அவங்களுக்கும் ஆறிரும், நமக்கும் ஒண்ணும் ஆகாது. இத்தனை வருசம் இப்படித்தான் ஓட்டியிருக்கேன்.

வாணிக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும் அம்மிணி. அதுதான் அவளால இருக்க முடியலை.

ம். ம் சாமி. சரி சாமி.